அக்பர் பாய் செய்த ஆயில் சேம்பர்

திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் ஆர்கான் வெல்டிங் வைக்கும் அக்பர் பாயை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவரிடமிருந்து போன் வராதவர்கள் இருக்க மாட்டார்கள். துணிக்குச் சாயம் ஏற்றும் பெரிய எவர்சில்வர் தொட்டிகளை வெசல் என்பார்கள். அப்படி ஒரு வெசல் செய்து கொடுத்தாரென்றால், அது லாரியில் ஏறி முக்கு திரும்புவதற்குள் முதல் போன் போகும். "கயிறு நல்லா இறுக்கிக் கட்டியிருக்குதுங்களா?" இறக்கி வைத்ததும் இரண்டாவது. "மேல் வால்வுல துணி சுத்தி உட்டிருந்தேன், எடுத்துட்டீங்களா?" தண்ணீர் ஏற்றியதும் மூன்றாவது. நான்காவது போனை யாரும் எடுப்பதில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது? எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நாற்பத்தேழு வயது மனிதர். ஷெட்டைப் பூட்டிவிட்டு டீக்கடைக்கு வருவார், ஒரு வாய் குடிப்பார், டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி வருவதற்குள் டீ ஆறிப்போகும். "பாய் எப்பவும் டீயைப் பச்சத்தண்ணி மாதிரித்தான் குடிப்பாரு" என்று கடைக்காரர் கேலி செய்வார். அக்பர் பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று யோசிப்பார்.

இந்தப் பயம் கூடப் பிறந்ததல்ல. இருபத்திரண்டு வயதில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது வந்தது. அவர் வைத்த வெல்டிங் பற்று ஒன்று வெசலின் உள்பக்கம் கடுகளவு துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. கருநீலம் ஓடியபோது அந்தக் கடுகுக்குப் பின்னால் கொஞ்சம் சாயம் தங்கியிருக்கிறது. அடுத்து ஓடியது குழந்தைகள் பனியனுக்கான வெள்ளைத் துணி. லாட் முழுக்க நீலப் பொட்டு. பட்டறை முதலாளி திட்டவில்லை. அந்தத் துணியில் ஒரு முழம் கிழித்து அக்பரின் தோளில் போட்டு, "வெச்சுக்க கண்ணு, மூஞ்சி தொடைக்கலாம்" என்றார். நாலு அறை விட்டிருந்தால்கூட மறந்திருப்பார். அந்த ஒரு முழத் துணியை அவரால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு அவருக்கென்று ஒரு முறை உண்டாகிவிட்டது. வெல்டிங் முடிந்ததும் பழைய பனியன் துணி ஒன்றை எடுத்து, தொட்டியின் உள்பக்கத்தில் மெல்ல இழுத்துக்கொண்டே போவார். ஓர் இழை சிக்கினால் போதும், கிரைண்டரைக் கையில் எடுத்துவிடுவார். துணி எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்வரை தேய்ப்பார். உள்ளே எதுவும் துருத்தக் கூடாது, எதுவும் தங்கக் கூடாது, மூலை என்று ஒன்று இருக்கவே கூடாது. ஐந்து வேளைத் தொழுகைக்கு அடுத்தபடியாக அவர் தவறாமல் செய்தது இந்தத் துணி இழுப்புதான். இருபத்தைந்து வருடத்தில் அவர் செய்த ஒரு வெசலும் கறை வைத்ததில்லை.

அடுத்த காம்பவுண்டில் ஆறு நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் திருமூர்த்தி. நல்ல மனிதர், ஆனால் யார் சொல்வதையும் முழுதாகக் கேட்கிற வழக்கம் இல்லாதவர். அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. அதன் இஞ்சின் செத்தபோது வேறு யாராக இருந்தாலும் வண்டியை இரும்புக்குப் போட்டிருப்பார்கள். திருமூர்த்தி கோவையில் எங்கோ அலைந்து ஜப்பான் டீசல் இஞ்சின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல்லடம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ராஜ்கமலிடம், "இதைத் தூக்கி அதுல வெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாம்பார்ச் சட்டியை அடுப்பு மாற்றி வைப்பதைப்போல நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ராஜ்கமல் அந்த இஞ்சினின் சேம்பரைக் கையில் தூக்கிக்கொண்டு அக்பர் பாயின் ஷெட்டுக்கு வந்தான். முப்பது வயதுப் பையன், கைவேலை சுத்தம்.

"இஞ்சின் உக்காந்துருச்சுங்க பாய். சேம்பர்தான் உக்கார மாட்டேங்குது."

இஞ்சினின் அடிவயிற்றில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிதான் சேம்பர். இந்த இஞ்சினுக்கு அந்தத் தொட்டியின் ஆழமான பாகம் முன்பக்கம் இருந்தது. அம்பாசிடரிலோ சரியாக அந்த இடத்தில் குறுக்கே ஒரு கனத்த இரும்புச் சட்டம் போகிறது. ஆகவே முன்பக்கத்தைத் தட்டையாக்கி, ஆழத்தைப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும். அடியிலிருந்து ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் ஸ்ட்ரெய்னர் குழாயையும் நீட்டி வளைத்துப் பின்னால் தள்ள வேண்டும். ராஜ்கமல் சாக்பீஸால் தரையில் படம் போட்டுக் காட்டினான்.

"நான் தொட்டி செய்யறவனாச்சே ராஜ்கமலு. கார் வேலை எனக்கென்ன தெரியும்?" என்றார் அக்பர் பாய்.

"இதும் தொட்டிதானுங்களே பாய். சின்னத் தொட்டி."

அக்பர் பாய் விழுந்தது இந்தப் பேச்சில்தான். தொட்டி என்று சொன்ன பிறகு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஆறு நாள் வேலை பார்த்தார். பழைய சேம்பரின் மேல்விளிம்பை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார், ஏனென்றால் போல்ட் ஓட்டைகள் அதில் இருந்தன. சூட்டில் விளிம்பு கோணிவிடக் கூடாது என்று அதைக் கனமான பிளேட்டில் வைத்து இறுக்கிக் கட்டினார். இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றிப் பற்று வைத்தார். அடித்தட்டுக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் நடுவே மூன்று நூல் இடைவெளி வேண்டும் என்று ராஜ்கமல் சொல்லியிருந்தான். பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், மனைவி ஷமீமா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதை அடித்தட்டில் வைத்து, குழாயைப் பொருத்தி அழுத்தி எடுத்து, நசுங்கிய மாவின் கனத்தை அளந்தார். மூன்று நூல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. மறுநாளும் மாவு கேட்டு வந்தார்.

"ஏனுங்க, கார் சப்பாத்தி திங்குதுங்களா?" என்றாள் ஷமீமா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேடிவிட்டு, வீட்டுக்கு வந்தால் புருஷனின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இருபத்தொரு வருடமாகப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரே மகள் கோவையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

இத்தனை கவனமாக வேலை பார்த்த மனிதர்தான் இரண்டாம் நாள் அந்தக் காரியத்தைச் செய்தார். பழைய சேம்பரை டீசல் ஊற்றிக் கழுவும்போது உள்ளே பாதி உயரத்தில் ஒரு தட்டு தென்பட்டது. ஓட்டை ஓட்டையாக, விளிம்பு மடங்கி, நாலு இடத்தில் பொட்டு வெல்டிங் வைத்து ஒட்டிய தட்டு. அதன் அடியில் வருடக்கணக்கான கறுப்புக் கசடு. பனியன் துணியை மேலே இழுத்தார். விளிம்பில் மாட்டிப் பரபரவென்று கிழிந்தது. எவனோ அரைகுறை ஆசாமி எப்போதோ போட்ட ஒட்டு என்று அருவருப்போடு நினைத்துக்கொண்டார். தட்டைப் பெயர்த்து மேஜைக்கு அடியில் எறிந்தார். புதிய சேம்பரின் உட்புறத்தைத் தட்டு கிட்டு எதுவும் இல்லாமல் வழவழவென்று தேய்த்து முடித்தார்.

எதற்கெல்லாமோ போன் போடுகிறவர் இதற்கு மட்டும் ராஜ்கமலுக்கு ஒரு போன் போடவில்லை. சந்தேகம் வந்திருந்தால் போட்டிருப்பார். வாழ்க்கையில் அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது தொட்டிக்குள் எதுவும் துருத்தக் கூடாது என்பதுதான்.

கடைசியாக உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே பற்றுகளின் மேல் சுண்ணாம்பு பூசி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு எங்கும் நனையவில்லை. ராஜ்கமல் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் முகமே அதில் தெரிந்தது.

"மீசை வாரிக்கலாமுங்க பாய்!" என்றான். வேறு யார் செய்ததாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்திருப்பான். அக்பர் பாய் செய்ததில் பார்க்க என்ன இருக்கிறது? கொண்டுபோய் மாட்டிவிட்டான்.

வண்டி ஓடியது. திருமூர்த்தி அவிநாசி போய் வந்தார், ஊத்துக்குளி போய் வெண்ணெய் வாங்கி வந்தார். எல்லாம் சமதளமான ரோடு. அந்த ஒரு வாரத்தில் அக்பர் பாய் அவருக்குப் பதினோரு போன் போட்டார். "கீழ சொட்டுதுங்களா? காலையில எடுக்கறப்ப தரையைப் பாத்தீங்களா? வண்டி நின்ன எடத்துல அட்டை ஒண்ணு போட்டுப் பாருங்க. பாத்தீங்களா? அட்டை போட்டீங்களா?" ஒரு சொட்டுகூட விழவில்லை. பன்னிரண்டாவது போனுக்குத் திருமூர்த்தி நேரிலேயே வந்து, "பாய், உங்க நம்பரைச் சத்தம் வராத மாதிரி போட்டுட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை வால்பாறைக்கு எடுத்துப்போவதென்று திருமூர்த்தி முடிவு செய்தார். அவருடைய மனைவி அனுசுயா ஷமீமாவிடம், "உங்க அக்கா அங்கதானே இருக்கறாங்க, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். ஷமீமாவின் அக்கா அஜீஸுன்னிசா மழையில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பஸ் மாறி மாறிப் போய்ப் பார்க்க ஷமீமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்பர் பாயால் போக முடியாது, ஏனென்றால் சாயப்பட்டறைகள் நிற்பது ஞாயிறன்றுதான், ரிப்பேர் எல்லாம் அன்றுதான் பார்க்க முடியும். ஆனாலும் உள்ளுக்குள் அவருக்குக் குளிர்ந்தது. தன் கையால் செய்த சேம்பர் மேலே தன் பெண்டாட்டி உட்கார்ந்து மலை ஏறப்போகிறாள். விடிகாலையில் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்து எல்லா போல்ட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

பத்தரை மணிக்கு ஷமீமா கூப்பிட்டாள். "வந்து சேந்துட்டமுங்க. வண்டி பஞ்சாட்டம் ஏறுச்சு. ரெண்டு மணிக்குக் கெளம்பி வெளிச்சத்துலயே எறங்கீரலாம்னு திருமூர்த்தியண்ணன் சொல்றாரு." அக்பர் பாய் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்று காலை முழுக்க அவர் வேறு யாருக்கும் போன் போடவில்லை.

சாயப்பட்டறையில் வேலை முடிய இரண்டு மணி தாண்டிவிட்டது. கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் லாரி ஓட்டும் லிங்கசாமி வந்து நின்றான். டேங்கில் கசிவு, ஒரு பற்று வைத்துக் கொடுங்கள் என்றான். அது சாதா இரும்பு டேங்க், அக்பர் பாய் தொடுகிற வேலை அல்ல. இருந்தாலும் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வரிசையாகத் தட்டுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓட்டை.

"இதென்னப்பா, உள்ளுக்குள்ள இத்தனை தட்டு? கசடு பூராவும் இதுலதானே தங்கும்?" என்றார்.

லிங்கசாமி சிரித்தான். "கசடு தங்குனாத் தங்கீட்டுப் போகுதுங்க பாய். அந்தத் தட்டு இல்லீன்னா நான் தங்க மாட்டேன். பிரேக் அடிச்சா தண்ணி பூராவும் முன்னால வந்து முட்டுமுங்களே. பள்ளத்துல எறங்குனா சொல்லவே வேண்டாம். பொறத்தால ஒரு சொட்டு நிக்காது, அத்தனையும் முன்னாடி ஓடியாந்துரும். தண்ணியைப் புடிச்சு நிறுத்தறதே அந்தத் தட்டுதான்."

அக்பர் பாய் டார்ச்சை அணைக்கவில்லை. குனிந்த நிலையில் அப்படியே நின்றார். பொறத்தால ஒரு சொட்டு நிக்காது. மேஜைக்கு அடியில் கிடக்கும் தட்டு கண்முன்னால் வந்தது. ஓட்டைகள், மடங்கிய விளிம்பு, நாலு பொட்டு. அது ஒட்டல்ல. யாரும் அரைகுறையாகச் செய்ததும் அல்ல. ஆயிலைப் பிடித்து நிறுத்துவதற்காகவே ஜப்பான்காரன் வைத்த தட்டு. ஸ்ட்ரெய்னரைப் பின்னால் தள்ளிய பிறகு அது முன்பைவிட அவசியம். இவர் அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, ஆயில் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று கண்ணாடிபோல வேறு தேய்த்து வைத்திருக்கிறார்.

ஏணியிலிருந்து இறங்கி ராஜ்கமலைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க பாய், இன்னிக்கு எந்தப் போல்ட்டு?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தான் ராஜ்கமல்.

"பழைய சேம்பர்ல ஓட்டை போட்ட தட்டு ஒண்ணு இருந்துச்சு. அது எதுக்கு?"

"பேஃபிள்ங்களா? ஆயில் அலம்பாம இருக்கறதுக்கு. புதுசுலயும் வெச்சிருப்பீங்கள்ல?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"பாய்? வெச்சீங்கள்ல? வண்டி இப்ப எங்கீங்க நிக்குது?"

"வால்பாறையில. திருமூர்த்தி, அவங்க ஊட்டுக்காரம்மா, ஷமீமா. ரெண்டு மணிக்கு எறங்கறதாச் சொன்னாங்க."

"யப்பா சாமி" என்றான் ராஜ்கமல். "ஏறும்போது ஆயில் பொறத்தால போகும், ஒண்ணும் ஆகாதுங்க. எறக்கத்துலதான் அத்தனையும் முன்னாடி ஓடீரும். ஸ்ட்ரெய்னர் வெறும் காத்தை உறிஞ்சும். கொஞ்ச நேரம் அப்படி ஓடுனா இஞ்சின் காஞ்சு இறுகிப் புடிச்சுக்கும் பாய். கீர்ல எறங்கீட்டிருக்கறப்ப புடிச்சா பின்சக்கரம் ரெண்டும் சேந்து நின்னுரும். வளைவுல நின்னா... நீங்க கூப்புட்டுட்டே இருங்க. நான் பைக்கை எடுத்துட்டு அந்தப் பக்கம் கெளம்பறேன்."

மணி இரண்டு நாற்பது. அக்பர் பாய் திருமூர்த்தியைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். சத்தம் வராத மாதிரி போட்டிருக்கிறார் என்பது நான்காவது தடவைதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் போட்ட போன்கள் அத்தனையும் சேர்ந்து வந்து இந்த ஒரு போனின் வாயை அடைத்துவிட்டன. ஷமீமாவைக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அனுசுயாவின் நம்பர் அவரிடம் இல்லை. அஜீஸுன்னிசாவைக் கூப்பிட்டார்.

"கெளம்பி முக்கால் மணி நேரம் ஆச்சுங்களே தம்பி" என்றாள் அவள். "எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்கக்கா" என்று வைத்துவிட்டார். முக்கால் மணி நேரம் என்றால் எஸ்டேட் ரோடெல்லாம் தாண்டி வளைவுகள் தொடங்கியிருக்கும். மலையடியிலிருந்து நம்பர் போட்ட நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆழியாறு அணைத் தண்ணீர் சின்னதாகத் தெரிகிற பள்ளம்.

மறுபடி ஷமீமா. மறுபடி அதே பெண் குரல். லிங்கசாமி என்ன ஏதென்று தெரியாமல் பக்கத்தில் நின்று, டம்ளரில் குடிக்கத் தண்ணீர் நீட்டினான். அக்பர் பாய் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அழுத்தினார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, மணி அடித்தது.

ஷமீமா எடுத்தாள். அவளுடைய குரலுக்கு முன்னால் இஞ்சின் சத்தம்தான் அவர் காதில் விழுந்தது. கீரில் இறங்கும்போது எழும் உறுமல்.

"ஷமீமா" என்றார். "சேம்பர்ல நான் தப்புப் பண்ணீட்டேன். வண்டி எறங்கக் கூடாது. இப்பவே நிறுத்தச் சொல்லு."

முன்சீட்டிலிருந்து திருமூர்த்தியின் குரல் கேட்டது. "பாய்ங்களா? இன்னும் போன் வரலியேன்னு பாத்தேன்!" என்று சிரித்தார். அனுசுயாவும் சிரித்தாள். அதோடு லைன் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்தப் போனும் போகவில்லை. அக்பர் பாய் சாயப்பட்டறைச் சுவர் ஓரமாகக் கிடந்த சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தார். திருமூர்த்தி நிறுத்த மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஏன் நிறுத்த வேண்டும்? திருப்பூரில் யாருமே நிறுத்த மாட்டார்கள். அக்பர் பாய் பயப்படுவது ஊரறிந்த செய்தி, அதற்காக மலையில் யாராவது வண்டியை நிறுத்துவார்களா? அடுத்த வளைவில் இஞ்சின் பிடிக்கலாம், அதற்கடுத்த வளைவில் பிடிக்கலாம். பின்சீட்டில் ஷமீமா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தார். அவள் எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காருவாள், காற்று வேண்டும் அவளுக்கு. பள்ளத்துப் பக்கமா, பாறைப் பக்கமா? அவளுக்கு ஏதாவது ஆனால் தன் கையே அவளைக் கொன்றதாகும் என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்க முடியாமல், தெரிந்த துஆவை எல்லாம் உதட்டுக்குள் ஓதினார். ஓதுவதும் போனை அழுத்துவதுமாக இருந்தார். மகளுக்கு என்ன சொல்வது என்பது நடுவில் ஒரு தடவை வந்து போனது.

மூன்று மணி. மூன்று பத்து. ராஜ்கமல் எங்கிருந்தோ கூப்பிட்டு, "எடுத்தாங்களா?" என்றான். "இல்லை" என்றார். மூன்று இருபத்தைந்து. லிங்கசாமி லாரியை எடுக்காமல், எதிரே குந்தி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தார்.

"ஏனுங்க, நாந்தானுங்க." ஷமீமா. "வண்டி நின்னுருச்சு. நிறுத்தீட்டோம். எல்லாரும் நல்லா இருக்கறோம். சிக்னல் கெடைக்காம மேல டீக்கடை வரைக்கும் நடந்து வந்து, கடைக்காரர் போன்ல பேசறேன்."

"எங்க?" என்றார்.

"முப்பத்தாறாவது வளைவுங்க. அண்ணன் கேக்கவே இல்லீங்க. பாய்க்கு எப்பவும் இதே வேலை, கீழ போயிப் பாத்துக்கலாம்னுட்டாரு. நான் ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். அப்புறம் கதவைத் தொறந்துட்டேன்."

"ஓடற வண்டியிலயா?"

"ஓடற வண்டியிலதான். ஒரு காலையும் வெளிய வெச்சுட்டேன். அனுசுயாக்கா போட்ட சத்தத்துல நிறுத்தாம என்ன செய்வாரு?"

போன் கை மாறியது. திருமூர்த்தி பேசினார். குரலில் பழைய சிரிப்பில் துளிகூட இல்லை. "பாய், ஒவ்வொரு எறக்கத்துலயும் ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுதுங்க. ஒயரு லூசுன்னு நெனச்சு நான் பாட்டுக்கு வந்தேன். நிறுத்தறப்ப உள்ளார டொக்கு டொக்குனு ஒரு சத்தம். இன்னும் ரெண்டு வளைவு தாங்கியிருக்காதுங்க. உங்க ஊட்டுக்காரம்மா காலு தரையில உரசற வரைக்கும் நான் நிறுத்தலீங்க பாய். என்னை மன்னிச்சுருங்க."

"தப்பு என்னுதுங்க" என்றார் அக்பர் பாய். "அந்தத் தட்டு எதுக்குன்னு கேக்காமப் பேத்துப் போட்டது நான். உங்க வண்டியைக் கெடுத்தது நான். நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க. ராஜ்கமல் வந்துட்டிருக்கறான். நானும் தட்டை எடுத்துட்டு அடுத்த பஸ்ல வரேன். அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க."

மறுபடி ஷமீமா வந்தாள். டீக்கடையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"திருமூர்த்தி நம்பலை, அவங்க ஊட்டுக்காரம்மா நம்பலை" என்றார் அக்பர் பாய். "நீ எப்படி நம்புன?"

"நீங்க பயந்தா எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் ஷமீமா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "இருவத்தொரு வருசமாக் கேக்கறேன். ஒண்ணையே ஒம்பது தடவை சொல்லுவீங்க. சொன்னனா சொன்னனான்னு திருப்பிக் கேப்பீங்க. இன்னிக்கு ஒரே தடவைதான் சொன்னீங்க. துளிகூடப் பதறலை. அதைக் கேட்டுத்தானுங்க எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

அக்பர் பாய் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் கையில் அத்தனை நேரமாக வைத்திருந்த தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியது. லிங்கசாமி எழுந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டான். போனுக்குள் ஷமீமா, "ஏனுங்க, இருக்கறீங்களா? ஏனுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.